சொல்லும் அடியும்: மானக்கேட்டுச் சட்டம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒருவர் மற்றொருவருக்கு இழைக்கும் தீங்குகளை நாம் பொதுவாக இரு வகைப்படுத்தி நோக்குகின்றோம். உடலைத் தாக்குவது ஒன்று. பெயரைத் தாக்குவது மற்றொன்று. முன்னையதைப் பொலிசு நிலையத்துக்குரிய விடயமாகவும், பின்னையதைப் பத்திரிகை ஆசிரியர்களுக்கும் அரசியல்வாதிகளுக்கும் மட்டுமே உரிய விடயமாகவும் கருதுவது நமது வழக்கமாகிவிட்டது. ஆனால் வாழ்க்கையில் இவ்விரண்டும் இவ்வாறு பிரிந்து நிற்பதில்லை. ஒரு மாணவியின் ஒளிப்படத்தை எவனோ ஒருவன் மாற்றியமைத்துக் கைபேசிக் குழுவொன்றிற் பரப்பிவிடுகின்றான் எனக் கொள்வோம். அதனை அறிந்த அவளது தமையன் அவனைத் தேடிச் சென்று பலர் முன்னிலையிற் கன்னத்தில் அறைகின்றான். மறுநாள் பொலிசாரிடம் முறைப்பாடு செய்பவன் படத்தைப் பரப்பியவனே. அடி கண்ணுக்குத் தெரிந்தது. ஆதலால் அது குற்றமாயிற்று. படம் ஏற்படுத்திய காயம் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆதலால் அது வெறும் வம்பாயிற்று.

இந்நிலை நீதியானதன்று என்பதை உணர்வதற்குச் சட்டப் படிப்பு வேண்டியதில்லை. எனினும் சட்டம் எப்போதும் இவ்வாறுதான் நோக்கியதா என்ற வினா எழுகின்றது. இலங்கையில் இன்றும் பொதுச் சட்டமாக விளங்கும் உரோமன் ஒல்லாந்துச் சட்டத்தின் வரலாற்றை ஆராயும்போது, சொல்லையும் அடியையும் ஒரே தீங்கின் இரு வடிவங்களாகக் கண்ட மிகப் பழைய மரபொன்று அதனுள் இருப்பதைக் காணலாம். அம்மரபு தோன்றி வளர்ந்த முறையினையும், அது நம் நாட்டுக்கு வந்து சேர்ந்த வழியினையும், இன்றைய தேவைக்கு அது எவ்வளவு தூரம் உதவும் என்பதனையும் சுருக்கமாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உரோமரின் மிகப் பழைய எழுத்துச் சட்டம் கி.மு. 451 - 450 அளவில் இயற்றப்பட்ட பன்னிரு பலகைச் சட்டமாகும். உடற்காயங்களுக்கு அது நிலையான விலைகளை வகுத்திருந்தது. சுதந்திர மனிதன் ஒருவனின் எலும்பை முறித்தால் 300 அஸ். அடிமையின் எலும்பை முறித்தால் 150 அஸ். அஸ் என்பது அக்காலச் செப்புப் பணம். உறுப்பொன்று சிதைக்கப்பட்டால், இரு பகுதியாரும் உடன்பாட்டுக்கு வராவிடின், அதே உறுப்பைச் சிதைத்துப் பழி தீர்க்கலாம். இவற்றிலும் சிறிய தாக்குதல்களுக்கு 25 அஸ் என்பதே விதி. இச்சிறிய தீங்கைக் குறித்த சொல்லே ‘இன்யூரியா’ என்பதாம். உரிமையின்றிச் செய்யப்பட்டது என்பது அதன் பொருள். பிறருக்கு இழிவு உண்டாக்கும் பாடலைப் புனைந்தவனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்ததெனச் சிசரோ கூறுகின்றார். அவ்விதி மந்திர உச்சாடனத்தையே கருதியது எனக் கொள்ளும் ஆய்வாளரும் உளர். எவ்வாறாயினும், அடிக்கு ஒரு விலையும் சொல்லுக்கு வேறொரு தண்டனையும் என இரண்டும் தனித்தனியே நின்ற காலம் அது.

நிலையான விலையின் குறைபாட்டைக் காட்டும் கதையொன்றை அவுலஸ் கெல்லியஸ் என்பார் கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலே பதிவு செய்துள்ளார். அகஸ்தஸ் காலத்துச் சட்ட அறிஞரான லபேயோவின் நூலிலிருந்து அவர் அதனை எடுத்தாண்டார். லூசியஸ் வெராற்றியஸ் என்னும் செல்வன் ஒருவன், எதிர்ப்படும் சுதந்திர மனிதரின் கன்னத்தில் அறைவதையே பொழுதுபோக்காகக் கொண்டிருந்தானாம். அவனுக்குப் பின்னே பணப்பையுடன் அடிமையொருவன் செல்வான். எசமான் அறைந்தவுடன் சட்டப்படி உரிய 25 அஸ்ஸையும் எண்ணிக் கொடுப்பது அவ்வடிமையின் வேலை. இக்கதை முழுமையும் உண்மையோ அன்றோ, அது சுட்டும் உண்மை தெளிவானது. விலை குறிக்கப்பட்ட தீங்கு, விலை கொடுக்கக் கூடியவனுக்கு உரிமையாகிவிடுகின்றது. அறையப்பட்டவனின் வலியன்று இங்கு பிரச்சினை. காசுக்கு அறையத்தக்கவன் என அவன் மதிக்கப்பட்டதே பிரச்சினையாகும்.

இக்குறையைப் பிரீற்றர் என வழங்கப்பட்ட நீதிப் பதவியினர் தமது பிரகடனங்கள் வாயிலாக நீக்க முற்பட்டனர். நிலையான விலை கைவிடப்பட்டது. தனக்கு நேர்ந்த இழிவு யாதென்பதை வழக்காளி தெளிவாகக் கூறி அதற்கு ஒரு மதிப்பையும் இடவேண்டும். தீர்ப்பாளர் நன்மையும் நேர்மையும் எனத் தமக்குத் தோன்றும் தொகையை விதிப்பர். இதனைத் தொடர்ந்து வெளிவந்த சிறப்புப் பிரகடனங்களே நம் கவனத்துக்குரியவை. ஒருவரின் வீட்டு முன்றலிலோ வேறிடத்திலோ நல்லொழுக்கத்துக்கு மாறாகக் கூச்சலிட்டு இகழ்வது ஒரு தீங்காயிற்று. பெண்ணொருத்தியைத் தெருவிலே விடாது பின்தொடர்வதும், அவளது துணைவரை அவளிடமிருந்து பிரிப்பதும் தீங்காயின. இழிவுபடுத்தும் நோக்குடன் செய்யப்படும் எச்செயலும் தீங்காயிற்று. பின்தொடர்ந்தவன் அப்பெண்ணைத் தொடவேண்டும் என்பதில்லை. ஒரு சொல்லேனும் பேசவேண்டும் என்பதுமில்லை. கை படாமலும் ஒருவரைக் காயப்படுத்தலாம் என்பதை இற்றைக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு சட்டமுறை ஏற்றுக்கொண்டது என்பது சிந்திக்கத்தக்கது.

இவ்வாறு வளர்ந்த விதிகளைக் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கையஸ் தமது பாடநூலிலே ஒருங்கு சேர்த்தார். கையால் அல்லது தடியால் அடிப்பது, பொதுவிடத்திற் கூச்சலிட்டு இகழ்வது, இழிவான எழுத்தோ பாட்டோ புனைவது, பெண்ணைப் பின்தொடர்வது ஆகிய யாவும் அவரது நூலில் ஒரே வரிசையில் நிற்கின்றன. கி.பி. 533இல் ஜஸ்ரினியன் பேரரசரின் ஆணையால் வெளிவந்த பெருந்தொகுப்பின் 47ஆம் புத்தகத்திலே இப்பொருள் தனித் தலைப்பொன்றைப் பெற்றது. இன்யூரியா செயலாலும் நிகழும், சொல்லாலும் நிகழும் என்ற லபேயோவின் கருத்தை உல்பியன் அங்கு எடுத்துரைக்கின்றார். அது உடலைத் தாக்கலாம், கண்ணியத்தைத் தாக்கலாம், நற்பெயரைத் தாக்கலாம் என்ற முப்பிரிவும் அங்கேயே காணப்படுகின்றது. தீங்கு ஒன்று, அது புகும் வாயில்கள் மூன்று என்பதே இதன் சாரம்.

ஆயினும் உரோமச் சட்டத்தை மிகையாகப் போற்றிவிடுதல் வரலாற்று மாணவருக்கு அழகன்று. தீங்கின் கொடுமையை அளக்கும்போது செயலையும் இடத்தையும் மட்டுமன்றி, ஆளின் தகுதியையும் அச்சட்டம் நோக்கியது. தாழ்ந்த நிலையிலுள்ளவன் செனற்றர் ஒருவரை இகழ்ந்தால் அது கொடிய தீங்கு. அடிமைக்கோ தன் பெயரில் மானமே இல்லை. அவனை வதைத்தால் அது அவன் எசமானுக்கு நேர்ந்த அவமதிப்பாகவே கொள்ளப்பட்டது. மனைவிக்கு இழைத்த தீங்கிற்குக் கணவனும் வழக்காடலாம். மானம் என்பது மனிதர் யாவர்க்கும் உரிய உடைமையன்று, படிநிலைச் சமூகத்தில் ஒருவர் வகித்த இடத்தின் நிழல் என்பதே அக்கால நோக்கு. மானத்தைச் சாதியோடும் குடிப்பிறப்போடும் பிணைத்துப் பேசிய சமூகமொன்றின் வழிவந்த நமக்கு இது புதுமையாகத் தோன்றாது.

இவ்வழக்கின் இயல்பைப் பிற்காலச் சட்ட அறிஞர் பழிவாங்கலை மூச்சாகக் கொண்ட வழக்கு என விளக்கினர். அவமதிக்கப்பட்டவன் தன் கையை ஓங்காது நீதிமன்றப் படியேறுவதற்கு அரசு அளித்த கைம்மாறே இது. ஆகையினாலேயே அவமதிப்பைப் பொருட்படுத்தாது விட்டவன் பின்னர் மனம் மாறி வழக்கிட முடியாது. வழக்குத் தொடுக்குமுன் அவன் இறந்தால் உரிமை பிள்ளைகளைச் சேராது. வாய்மையின் இடமும் இங்கு கவனிக்கத்தக்கது. குற்றம் செய்தவனின் குற்றத்தை வெளிப்படுத்தியவனைத் தண்டிப்பது நேர்மையன்று என்றும், அத்தகைய குற்றங்கள் அறியப்படுவது நன்மைக்கே என்றும் பவுலஸ் கருதினார். உண்மையைக் கூறுவது போதாது, அதனைக் கூறுவதாற் பொதுநன்மை விளைய வேண்டும் என்ற பிற்காலக் கொள்கைக்கு இக்கருத்தே வித்தாயிற்று.

உரோமப் பேரரசு வீழ்ந்து பல நூற்றாண்டுகளின் பின் இச்சட்டம் ஒல்லாந்திலே புதுவாழ்வு பெற்றது. லூவெஸ்ரைன் கோட்டையிற் சிறைவைக்கப்பட்டிருந்த ஹியூகோ குரோசியஸ், 1621இல் நூற்பெட்டியொன்றினுள் மறைந்து தப்பிச் செல்லுமுன் அங்கிருந்தே எழுதிய ஒல்லாந்துச் சட்ட அறிமுக நூல் 1631இல் வெளிவந்தது. உயிர், உடல், சுதந்திரம், மானம், பொருள் என அவர் தீங்குகளை வரிசைப்படுத்தினார். லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியரான யொஹான்னஸ் வூற் 1698க்கும் 1704க்கும் இடையில் வெளியிட்ட பேருரை இத்துறையில் இன்றும் மேற்கோளாட்சி பெறுகின்றது. ஒல்லாந்தர் உரோமச் சட்டத்துக்குப் புதிதாகச் சேர்த்த பரிகாரம் ஒன்றுண்டு. அவமதித்தவன் தன் சொல்லை மீளப்பெற்று, அல்லது தவற்றை ஒப்புக்கொண்டு, வெளிப்படையாக மன்னிப்புக் கேட்க வேண்டும். இதனை மானப் பரிகாரம் எனலாம். பணப் பரிகாரம் இதனோடு அருகருகே நின்றது. வெராற்றியஸின் பணப்பைக்கு உண்மையான மறுமொழி இதுவே என்பது என் கருத்து. பணத்தை எண்ணிக் கொடுக்க அடிமையை ஏவலாம். மன்னிப்புக் கேட்க அடிமையை ஏவ முடியாது.

சினத்தில் வெடித்த சொல்லை இம்மரபு தனியாக நோக்கியது என்பதும் குறிப்பிடற்பாலது. திடீரென மூண்ட சச்சரவின் கொதிப்பில் வாய்தவறிய சொல், அவமதிக்கும் உள்நோக்கம் அற்றது எனக் கொள்ளப்படலாம். பின்னர் அமைதியான வேளையிலும் அதனையே வலியுறுத்துபவனுக்கு இச்சலுகை இல்லை. வசைக்கு உடனே எதிர்வசை கூறியவனுக்கும் ஓரளவு பாதுகாப்பு இருந்தது. ஆனால் வசைக்கு அடி சரியான விடையாகாது. சினமூட்டப்பட்டமை நட்டஈட்டுத் தொகையைக் குறைக்கலாம், அடியை நியாயமாக்காது.

இதே காலத்தில் இங்கிலாந்தின் பாதை வேறாக இருந்தது. அங்கு அடிக்கு ஒரு வழக்கு, சொல்லுக்கு வேறொரு வழக்கு. அவதூறு நெடுங்காலம் திருச்சபை நீதிமன்றங்களுக்கு உரியதாயிருந்து, பதினாறாம் நூற்றாண்டிலேயே அரச நீதிமன்றங்களிற் பெருகியது. 1605இல் நட்சத்திர மண்டப நீதிமன்றம் எழுத்து அவதூறு பற்றி வழங்கிய புகழ்பெற்ற தீர்மானம், அது பழிவாங்கலையும் அமைதிக் குலைவையும் தூண்டும் என்பதைக் காரணமாகக் காட்டி, கூறப்பட்டது உண்மையாயினும் தண்டனைக்குரியது என வகுத்தது. அரசையும் ஆள்வோரையும் விமர்சித்தோரை அடக்குதற்கு இது நல்ல கருவியாயிற்று. 1641இல் அந்நீதிமன்றம் ஒழிக்கப்பட்ட பின்னரும் அதன் கொள்கை ஒழியவில்லை. எழுதப்பட்ட அவதூறு, பேசப்பட்ட அவதூறு என்ற பிரிவும் ஆங்கிலச் சட்டத்திலே வேரூன்றியது. பேச்சு அவதூறாயின், சில விலக்குகள் தவிர, தனக்கு நேர்ந்த நட்டத்தை வழக்காளி காட்டியாக வேண்டும். உரோமன் ஒல்லாந்துச் சட்டம் இப்பிரிவை அறியாது.

ஒல்லாந்தர் 1656இற் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். கொழும்பு, யாழ்ப்பாணம், காலி ஆகிய இடங்களில் அவர்கள் நிறுவிய நீதிச் சபைகளின் வழியே இச்சட்டம் இங்கு நுழைந்தது. 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை பெரும்பாலும் சொத்து, சீதனம், ஒற்றி, கடன் போன்றவற்றையே கூறுவது. மானக்கேட்டுக்கு நட்டஈடு பற்றிய முழுமையான சட்டத்தை அதில் எதிர்பார்க்க இயலாது. 1796இல் ஆட்சி பிரித்தானியர் கைக்கு மாறிற்று. 1799 செப்ரெம்பர் 23ஆந் திகதிப் பிரகடனம் ஒல்லாந்தர் காலச் சட்டமே தொடரும் என அறிவித்தது. 1835ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதனை மீண்டும் உறுதிசெய்தது. இதன் விளைவாகக் குடியியல் அவதூறு வழக்கில் இன, சமய வேறுபாடின்றி இலங்கையர் யாவர்க்கும் இச்சட்டமே உரியதாயிற்று. தனிச் சட்டங்கள் மலிந்த நம் நாட்டில் மானத்துக்கான சட்டம் பொதுவானதாக அமைந்தமை ஒரு பேறாகும்.

ஆங்கிலச் செல்வாக்கு நீதிமன்றங்களிற் புகாமல் இல்லை. எனினும் 1948இற் கோமறைக் கழகம் தீர்த்த பெரேரா எதிர் பீரிஸ் என்ற வழக்கு, அவமதிக்கும் உள்நோக்கமே உரோமன் ஒல்லாந்துச் சட்டத்தில் அவதூறின் உயிர் என்பதை நிலைநாட்டியது. அரசாங்க சபை உறுப்பினரின் இலஞ்சம் பற்றிய விசாரணை அறிக்கையின் பகுதிகளை நாளிதழொன்று வெளியிட்டிருந்தது. மக்கள் அறியவேண்டிய பொதுநலன் சார்ந்த வெளியீட்டில் அவமதிக்கும் உள்நோக்கம் இல்லை எனக்கொண்டு வழக்காளியின் மேன்முறையீடு தள்ளப்பட்டது. சொற்கள் இழிவானவையாயின் உள்நோக்கம் இருந்ததென ஊகிக்கப்படும். அதனை மறுக்கும் பொறுப்பு எதிராளியுடையது. பவுலஸின் பழைய கருத்து பதினேழு நூற்றாண்டுகளின் பின்னர் கொழும்புப் பத்திரிகையொன்றுக்குத் துணை நின்றது எனலாம்.

இதற்கு இணையாக மற்றொரு கோடும் நம் வரலாற்றில் ஓடிற்று. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை அவதூறைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 1990களிற் பத்திரிகை ஆசிரியர் சிலர்மீது இவ்விதிகளின்கீழ் வழக்குகள் தொடரப்பட்டன. ஊடக அமைப்புகளின் நீண்ட கோரிக்கையின் பின், 2002ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தால் அவை நீக்கப்பட்டன. அவதூறு மீண்டும் குடியியல் நீதிமன்றத்துக்கு மட்டுமே உரியதாயிற்று. இருபத்திரண்டு ஆண்டுகளின் பின், 2024இல் பாராளுமன்றம் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை நிறைவேற்றி, இணையவழியிற் பொய்யான கூற்றுக்களைப் பரப்புவது தொடர்பாகக் குற்றங்களை வகுத்து, ஆணைக்குழுவொன்றுக்கு விரிந்த அதிகாரங்களையும் அளித்தது. பெண்களுக்கும் சிறுவர்க்கும் பாதுகாப்பு என்பது கூறப்பட்ட காரணம். கருத்துச் சுதந்திரம் நசுக்கப்படும் என்பது எதிர்ப்பாளரின் அச்சம். நட்சத்திர மண்டபத்தின் வரலாற்றை அறிந்தவர் இவ்வச்சத்தை எளிதில் ஒதுக்கிவிட இயலாது.

அப்படியாயின் அம்மாணவிக்கு வழி யாது? அதே வேரிலிருந்து வளர்ந்த தென்னாபிரிக்கச் சட்டம் ஒரு விடையைத் தந்துள்ளது. 2006இல் அங்கு பாடசாலை மாணவர் சிலர், இணையத்திற் கிடைத்த ஆபாசப் படமொன்றில் அதிபரினதும் பிரதி அதிபரினதும் முகங்களை ஒட்டிப் பரப்பினர். பிரதி அதிபர் தொடுத்த வழக்கு 2011இல் அரசியலமைப்பு நீதிமன்றத்திலே முடிவுற்றது. நட்டஈடு 25,000 ராண்டாகக் குறைக்கப்பட்டது. அதனோடு, நிபந்தனையற்ற மன்னிப்பும் கேட்கும்படி மாணவர் பணிக்கப்பட்டனர். ஒல்லாந்தரின் பழைய மானப் பரிகாரத்தையும், உறவைச் சீர்செய்ய விழையும் ஆபிரிக்க மரபையும் நீதியரசர் சிலர் அங்கு இணைத்து நோக்கினர். 2013இல் ஜொஹானஸ்பேர்க் மேல் நீதிமன்றமொன்று முகநூற் பதிவொன்றை அகற்றும்படி கட்டளையிட்டது. இவற்றுக்குப் புதிய தண்டனைச் சட்டம் தேவைப்படவில்லை; பழைய வழக்கே போதுமாயிற்று.

இக்கருவி நம்மிடமும் உண்டு. கைபேசிக் குழுவிலிட்ட குரற்பதிவு பேச்சா எழுத்தா என்று நம் சட்டம் மயங்க வேண்டியதில்லை. ஒட்டுப்படத்தையும், விடாது பின்தொடரும் செய்திகளையும், கன்னத்தில் விழுந்த அறையையும் அது ஒரே அளவுகோலால் அளக்க வல்லது. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கிட வேண்டும், சட்டத்தரணிக்குப் பணம் வேண்டும், வழக்கு நீளும், படத்தைப் பரப்பியவனின் பெயரே தெரியாதிருக்கலாம். இதனால் வசதி படைத்தோர் கோடிக்கணக்கில் நட்டஈடு கோரிப் பத்திரிகைகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்ப, மாணவி மௌனமாகின்றாள். தமையன் கையை ஓங்குகின்றான். செலவு குறைந்த, விரைவான விசாரணையும், மன்னிப்பையும் நீக்கத்தையும் முதற்பரிகாரமாகக் கொள்ளும் நடைமுறையுமே இன்று நமக்கு வேண்டியவை. ஆணைக்குழுக்களின் அதிகாரத்தைப் பெருக்குவதிலும் மாவட்ட நீதிமன்றத்தின் கதவை ஏழைக்குத் திறந்துவிடுவது நலம் பயக்கும்.

தமையனின் கைக்கு நியாயம் தேடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவன் அறைந்தது தவறே. அன்றியும், அவ்வறையினால் தங்கையின் துயரம் அவனது வீரமாக மாறிவிட்டது. அவளுக்கு நேர்ந்த தீங்கு மீண்டும் ஓர் ஆண்மகனின் மானப் பிரச்சினையாகிவிட்டது. மனைவியின் தீங்கைக் கணவனுக்கும் அடிமையின் தீங்கை எசமானுக்கும் உரியதாக்கிய உரோமரின் பிழையை நாம் இன்னும் கைவிடவில்லை என்பதையே இது காட்டுகின்றது. அவள் தன் பெயரில், தன் மானத்துக்காக, தானே வழக்காளியாக நிற்கும் நாளிலேயே இச்சட்டத்தின் நீண்ட வரலாறு நம் நாட்டில் முழுமை பெறும்.